மாஸ் படத்துக்குப் புதுசா? மதுரையில் முதல் நாள் பார்ப்பதற்கு ஒரு வழிகாட்டி

பெரிய நட்சத்திரத்தின் படம் வெளியாகிற நாளில் மதுரையில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ரெண்டு நாற்காலி காலியாகக் கிடக்கும். வெளியூரிலிருந்து வேலைக்கோ படிப்புக்கோ இங்கே வந்தவர்களுக்கு இது பிடிபடுவதில்லை. "எல்லாப் படமும் ஒரே கதைதானே, இதுக்கு எதுக்கு இவ்வளவு அவசரம்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவும், சரி போய்த்தான் பார்ப்போமே என்று மனசு வைத்தவர்கள் அலையாமல் பார்த்துவிட்டு வரவும் இதை எழுதுகிறேன்.

கதை ஒன்றுதான் என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்ளுங்கள். நாயகன் வருவான், அடங்கியிருப்பான், சீண்டப்படுவான், எழுவான், ஜெயிப்பான். டிக்கெட் வாங்கும்போதே எல்லாருக்கும் தெரியும். மதுரைப் பக்கத்துக்கு இது புதிதும் கிடையாது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அவருடைய வள்ளி திருமணம் நாடகம் இன்றைக்கும் இந்த வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிறது. முருகன் வள்ளியைக் கட்டப் போகிறான் என்று கூட்டத்தில் தூங்கி வழிகிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் சனம் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்கு வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் எப்படிப் போகும், நாயக வேடம் கட்டுகிற ராஜபார்ட் எப்படி வந்து நிற்பார், பபூன் எதைச் சொல்லிச் சிரிக்க வைப்பார் என்று பார்க்கத்தான் அத்தனை பேரும் கண் விழிக்கிறார்கள். மாஸ் படத்தையும் அதே கண்ணோடு பாருங்கள். அடுத்து என்ன நடக்கும் என்று தேடினால் அரை மணி நேரத்தில் அலுத்துவிடும். தெரிந்த ஒன்றை இந்த முறை எப்படிச் செய்கிறார்கள் என்று கவனித்தால் ரெண்டரை மணி நேரம் போவது தெரியாது.

1. வீட்டுப் பாடம்

நேராகத் தியேட்டருக்குப் போகாதீர்கள். அதற்கு முன்னால் ஒரு பழைய படத்தைப் பார்த்துவிடுங்கள். 1995 பொங்கலுக்கு வந்த 'பாட்ஷா'. சுரேஷ் கிருஷ்ணா இயக்கியது. அதற்குப் பின் வந்த நூற்றுக்கணக்கான படங்களின் எலும்புக்கூடு அதில் இருக்கிறது. இன்று சாதுவாக வாழ்கிறவனுக்கு நேற்று ஒரு பயங்கரமான வாழ்க்கை இருந்தது, அது நமக்கு லேசாகத் தெரியும், அவன் வீட்டாருக்குத் தெரியாது. அவ்வளவுதான் கதை.

அதில் ஒரு காட்சியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பாருங்கள். தங்கைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டு ஆட்டோக்கார அண்ணன் போகிறான். மறுப்பு வருகிறது. தங்கையை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே தனியாகப் பேசுகிறான். நாம் தங்கையோடு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிறோம். என்ன பேசினான் என்று கேட்காது. பின்னணி இசை மட்டும் ஓடுகிறது. உள்ளே உட்கார்ந்திருக்கிறவரின் உடம்பு மாறுவதும், அவர் பதறி எழுவதும் தெரிகிறது. இடம் கிடைத்துவிடுகிறது. என்ன சொன்னாய் என்று தங்கை கேட்டால், உண்மையைச் சொன்னதாக மட்டும் சொல்கிறான். ஒரு அடி இல்லை, ஒரு சத்தம் இல்லை. ஆனால் தியேட்டர் இரண்டாகப் பிளந்த காட்சி அது. மாஸ் என்பது அடிப்பதில் இருப்பதாகத்தான் புதிதாகப் பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். அடிக்கப் போகிறான் என்ற எதிர்பார்ப்பை எவ்வளவு நேரம் பிடித்து வைக்கிறார்கள் என்பதில்தான் அது இருக்கிறது. இந்த ஒரு காட்சி பிடிபட்டால் மீதியெல்லாம் தானாகப் பிடிபடும்.

நேரம் இருந்தால் 'கில்லி'யையும் (2004) பார்த்து வையுங்கள். மதுரைக்காரர்களோடு பேசுவதற்கே அது தேவைப்படும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

2. எந்த நாள், எந்தக் காட்சி

முன்பு நள்ளிரவு ஒரு மணிக்கும் விடியற்காலை நாலு மணிக்கும் காட்சி ஓட்டினார்கள். 2023 ஜனவரி 11-ல் 'வாரிசு', 'துணிவு' இரண்டும் ஒரே நாளில் வந்தபோது சென்னையில் ஒரு ரசிகர் லாரி மேல் ஆடிக் கீழே விழுந்து இறந்துபோனார். அதற்குப் பிறகு அரசு அந்த வேளைக் காட்சிகளுக்கு இடம் கொடுப்பதில்லை. பெரிய படத்துக்கு வழக்கமான நாலு காட்சிக்கு மேல் ஐந்தாவதாக ஒரு காட்சிக்கு அனுமதி கிடைத்தால் அது காலை 9 மணிக்குத் தொடங்கும். அதுதான் இப்போது முதல் நாள் முதல் காட்சி. அந்த மாற்றம் நல்லது என்றே நினைக்கிறேன். தூக்கம் கெட்டுக் கிடக்கிற கூட்டத்தை விட, குளித்துச் சாப்பிட்டு வருகிற கூட்டம் படத்தையும் ஒழுங்காகப் பார்க்கும்.

முதல் காட்சியில் வசனம் பாதி காதில் விழாது. அங்கே போவது கூட்டத்தோடு சேர்ந்து கத்த. வசனம் கேட்க வேண்டும் என்றால் அன்று மாலைக் காட்சி. குடும்பத்தோடு என்றால் முதல் ஞாயிறு. கைக்குழந்தையை முதல் நாள் காலைக் காட்சிக்குக் கொண்டு போகவே போகாதீர்கள். ஸ்பீக்கர் சத்தமும் விசிலும் சேர்ந்தால் பெரியவர்களுக்கே காது அடைக்கும்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னொன்று. சான்றிதழைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். யு/ஏ என்பது இப்போது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. 'ஏ' என்றால் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களை உள்ளே விடக் கூடாது. பெரிய நட்சத்திரத்தின் படம் என்றால் யு/ஏ-வாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். 2025 ஆகஸ்டில் வந்த ரஜினியின் 'கூலி' ஏ சான்றிதழோடுதான் வந்தது.

ஏன் எல்லாரும் முதல் மூன்று நாளையே குறி வைக்கிறார்கள்? வியாபாரம் அப்படி. சென்னை நகரம், செங்கல்பட்டு, வட-தென் ஆற்காடு, கோவை, சேலம், திருச்சி-தஞ்சை, மதுரை-ராமநாதபுரம், நெல்லை-குமரி என்று தமிழ்நாட்டைப் பிரித்துத்தான் படத்தை விற்கிறார்கள். நம்முடையது 'எம்.ஆர். ஏரியா'. விநியோகஸ்தர் மினிமம் கியாரண்டியில் எடுத்திருந்தால், படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பேசிய தொகையைக் கொடுத்தாக வேண்டும். படத்தைப் பார்க்காமலே அவ்வளவு பணத்தைப் போடுகிறவர் நம்புவது ஒன்றைத்தான்: இந்த முகத்துக்கு இந்த ஏரியாவில் ஓப்பனிங் இருக்கிறது. முன்பெல்லாம் படச் சுருள் பெட்டி மதுரையில் ஓடி முடித்து, அப்புறம் மேலூருக்கும் உசிலம்பட்டிக்கும் போகும். நூறு நாள் ஓடிப் பணம் எடுக்க அவகாசம் இருந்தது. இப்போது டிஜிட்டலில் எல்லா ஊரிலும் ஒரே நாள், அதிலும் சில வாரங்களில் ஓடிடி-க்கு வந்துவிடுகிறது. முதல் வாரக் கடைசிக்குள் போட்டதை எடுக்க வேண்டிய கட்டாயம். நாயகன் முதன்முதலாகத் திரையில் வருகிற என்ட்ரி, குத்துப் பாட்டு, இடைவேளைச் சண்டை எல்லாம் படத்துக்குப் படம் அப்படியே வருவதற்கு இதுதான் காரணம். இயக்குநருக்குப் புதுசாக யோசிக்கத் தெரியாது என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். அவர் தோள் மேல் எட்டு ஏரியாவின் பணம் உட்கார்ந்திருக்கிறது.

3. டிக்கெட், இடம், செருப்பு

முன்பதிவு எப்போது திறக்கும் என்று படக்குழு அறிவிக்கிறதோ இல்லையோ, உங்கள் அலுவலகத்தில் இருக்கிற ரசிகர் சொல்லிவிடுவார். முதல் காட்சி டிக்கெட்டில் ஒரு பகுதி ரசிகர் மன்றங்கள் வழியாகவே போய்விடும். தெரிந்த பையன் மன்றத்தில் இருந்தால் அவனிடம் கேட்பதுதான் சுலபம். "தம்பி, நமக்கு ரெண்டு சொல்லி வைப்பா" என்றால் போதும். பிளாக்கில் வாங்காதீர்கள். ஒரே நாளில் நாலைந்து தியேட்டரில் ஓடுகிற படத்துக்கு, இந்தக் காட்சி இல்லை என்றால் அடுத்த காட்சி இருக்கிறது.

மதுரையில் ஒரு காலத்தில் தியேட்டர் என்றால் தங்கம் தியேட்டர்தான். 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்த அரங்கு, 2,500-க்கும் மேல் இருக்கைகள். அதற்கும் முன்னால் சிந்தாமணி. 1937-ல் மதுரை ராயல் டாக்கீஸ் எடுத்த 'சிந்தாமணி' படம் கொட்டிக் கொடுத்த லாபத்தில் கட்டியது என்பதால் படத்தின் பெயரே அரங்குக்கும் வந்தது. இரண்டுமே இப்போது இல்லை. அந்த இடங்களில் ஜவுளிக்கடைகள் வந்துவிட்டன. தங்கத்தில் படம் பார்த்தவர்கள் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். ரெண்டாயிரம் பேர் ஒரே கூரைக்குக் கீழே ஒரே நொடியில் கத்துகிற சத்தத்தைக் கேட்ட தலைமுறை அது.

இப்போது உங்களுக்கு ரெண்டு வழி. மால் மல்டிபிளெக்ஸில் இருக்கை நன்றாக இருக்கும், ஒலி நன்றாக இருக்கும், கூட்டம் அடக்கி வாசிக்கும். மாட்டுத்தாவணி, வில்லாபுரம் பக்கத்து அரங்குகளுக்கோ ஊருக்குள் மிச்சம் இருக்கிற பழைய அரங்குகளுக்கோ போனால் கூட்டத்தோடு கூட்டமாகலாம். முதல் தடவை ரெண்டாவது வழியில் போங்கள். ஆனால் முன் வரிசை வேண்டாம். என்ட்ரியின்போது முன்னால் இருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள், அப்புறம் திரைக்குப் பதில் முதுகுதான் தெரியும். பின்னால் உயரமான வரிசையில் நடு இருக்கை எடுத்தால் திரையும் தெரியும், கூட்டமும் தெரியும். பெண்கள் தனியாகப் போவதென்றால் முதல் காலைக் காட்சியை விட்டுவிட்டு மாலைக் காட்சிக்கு நாலு பேராகச் சேர்ந்து போவதே வசதி. வாசலில் அவ்வளவு நெரிசல்.

அப்புறம், செருப்பு போடாதீர்கள். வார் வைத்த காலணியோ ஷூவோ போடுங்கள். கதவு திறந்ததும் நடக்கிற தள்ளுமுள்ளில் கழன்ற செருப்பைத் தேடிக் குனிவது ஆபத்து. ஒரு மணி நேரம் முன்னாலேயே போய், வண்டியை வெளியே எடுக்க வசதியாக வாசல் பக்கமாக நிறுத்துங்கள். வாசலில் மேளமும் வெடியும் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுவதும் இருக்கும். மேளத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள், கட்-அவுட்டுக்குக் கீழே நிற்காதீர்கள்.

உள்ளே போனதும் போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். என்ட்ரியைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைக்கிற பழக்கம் இங்கே எல்லாருக்கும் இருக்கிறது, ஆனால் அது சட்டப்படி குற்றம். 2023-ல் திருத்திய சினிமாட்டோகிராஃப் சட்டத்தில் தியேட்டரில் படத்தைப் பதிவு செய்தால் குறைந்தது மூன்று மாதச் சிறையும் மூன்று லட்ச ரூபாய் அபராதமும் உண்டு. பக்கத்து இருக்கைக்காரர் எடுக்கிறாரே என்று நீங்களும் எடுக்க வேண்டாம்.

4. பெயர் போடுவதிலிருந்து பாருங்கள்

தாமதமாகப் போகக் கூடாது என்பதற்கு முதல் காரணம் டைட்டில் கார்டு. எழுத்து எழுத்தாக 'சூப்பர் ஸ்டார்' என்று ஒளிர்ந்து வருகிற கார்டு 1992-ல் 'அண்ணாமலை'யில் தொடங்கியது. இசை தேவா. இன்று வரை அந்த இசைக்கு அரங்கம் எழுகிறது. படம் தொடங்கவே இல்லை, வெறும் பெயர்தான் வருகிறது. ஆனாலும் எழுகிறார்கள். அந்த நேரத்தில் உங்கள் இருபக்கமும் இருக்கிறவர்களின் முகத்தைப் பாருங்கள்.

அடுத்து என்ட்ரி. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படத்தின் தரம் இதிலேயே பாதி தெரிந்துவிடும்.

நல்ல என்ட்ரி நாயகனிலிருந்து தொடங்காது. வேறு யாரோ ஒருவருக்கு ஒரு கஷ்டம் வரும். பேருந்தில் ஒரு பெண், சந்தையில் ஒரு வியாபாரி, ஸ்டேஷனில் ஒரு அப்பா. ரவுடிகள் வந்து நிற்பார்கள். ஒருவன் கையை ஓங்குவான். அப்போது அந்தக் கூட்டத்தில் ஒருத்தர், பெரும்பாலும் ஒரு கிழவர், நாயகனைப் பற்றி ஒரு வரி சொல்வார். அங்கேயே விசில் தொடங்கிவிடும். பிறகு கால். ஷூ, தூசி. பிறகு கை, காப்பு, முறுக்கிய சட்டைக் கை. பிறகு முதுகு. காற்றில் ஒரு காகிதமோ சருகோ பறக்கும். பக்கத்தில் இருக்கிற பொடியன் அண்ணனைப் பிடித்து உலுக்குவான்.

"அண்ணே, மூஞ்சியக் காட்ட மாட்டாய்ங்களாண்ணே?"

"இருடா, வருவாரு. அந்தக் கண்ணாடியப் போடட்டும்."

இசை ஒரு நொடி நிற்கும். திரும்புவார். அவ்வளவுதான், அடுத்த அரை நிமிடம் எதுவும் கேட்காது.

இதில் கவனிக்க வேண்டியது ரெண்டு. அந்தக் கஷ்டப்பட்ட ஆளின் பயம் நமக்கு உண்மையாகப் பட்டதா? முகம் காட்டுவதற்கு முன்னால் இருந்த அந்த ஒரு நொடி அமைதியை இயக்குநர் தைரியமாக விட்டாரா, இல்லை இசையமைப்பாளரை வைத்து நிரப்பிவிட்டாரா? இரண்டும் சரியாக அமைந்த படங்களை இருபது வருஷம் கழித்தும் டிவியில் போட்டால் சேனல் மாற்றாமல் பார்க்கிறோம். சும்மா ஸ்லோமோஷனை மட்டும் நம்பிய என்ட்ரி அடுத்த வாரமே மறந்துபோகும்.

5. முதல் பாதியின் மீதி

தொடக்கப் பாட்டு வரும். எம்.ஜி.ஆர். காலத்தில் அது கொள்கைப் பாட்டு. உழைப்பு, நேர்மை, ஏழை. ரஜினிக்கு வெகுகாலம் எஸ்.பி.பி.யின் குரல்தான் தொடக்கம். இப்போது பாட்டு சுருங்கி, ஆட்டம் பெருகியிருக்கிறது.

அம்மா அல்லது தங்கை வருவார். அவர்களுக்கு ஆபத்து வரப்போகிறது என்று அர்த்தம். நண்பன் வருவான், சிரிக்க வைப்பான். நாயகி வருவார். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேண்டாம் என்று சொல்கிற பெண்ணின் பின்னால் சுற்றுவதையே காதல் என்று காட்டிய படங்கள் இந்த வகையில் ஏராளம். நட்சத்திரத்தைப் பிடிக்கும் என்பதற்காக அதற்கும் கைதட்ட வேண்டியதில்லை. நன்றாக எழுதிய பெண் பாத்திரம் இந்தச் சட்டகத்துக்குள்ளேயே சாத்தியம்தான்; 'படையப்பா'வின் (1999) நீலாம்பரியை ரம்யா கிருஷ்ணன் செய்தபோது நாயகனுக்கு இணையாகக் கைதட்டல் விழுந்தது. வில்லன் பலமாக இருந்தால்தான் நாயகன் உயருவார் என்பதற்கு அதை விட நல்ல உதாரணம் கிடையாது. எம்.ஜி.ஆருக்கு நம்பியார், பாட்ஷாவுக்கு ரகுவரன், கில்லிக்கு பிரகாஷ்ராஜ். வில்லன் முதல் காட்சியிலேயே கோமாளியாகத் தெரிந்தால், அந்தப் படத்தில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

6. இடைவேளை

படம் தொடங்கி ஒன்றேகால் மணி நேரம் ஆகும்போது நிமிர்ந்து உட்காருங்கள். இதுவரை நாயகன் பொறுத்துக்கொண்ட எல்லாம் இங்கே திரும்பும். இடைவேளை பிளாக் என்று இதைத் தனியாகவே திட்டமிட்டு எழுதுகிறார்கள். இதற்கு முன்னால் அவமானம் எவ்வளவு சேர்ந்திருக்கிறதோ அவ்வளவு வேகம் இங்கே கிடைக்கும். அந்தச் சேமிப்பு இல்லாமல் வெறும் வெடிகுண்டும் கண்ணாடியும் சிதறினால் கூட்டம் கைதட்டும், ஆனால் கேண்டீன் வரிசையில் அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். முறுக்கு வாங்க நிற்கும்போது காதைத் திறந்து வையுங்கள். அங்கே நடக்கிற பேச்சுதான் உண்மையான விமர்சனம்.

முதல் பாதி பிரமாதம், ரெண்டாவது பாதி லேக் என்பது தமிழ்நாட்டில் அடிக்கடி கேட்கிற தீர்ப்பு. காரணம் பிளாஷ்பேக். இடைவேளையில் நாயகன் யார் என்ற கேள்வியை எழுப்பிவிட்டு, அதற்கு விடையாக நாற்பது நிமிடம் பழைய கதை சொல்வார்கள். அந்தப் பழைய கதை இன்றைய கதையை விடப் பெரிதாக இருந்தால் படம் தப்பித்தது.

7. சண்டையைப் பார்க்கிற விதம்

பத்துப் பேர் வட்டமாக நின்று ஒவ்வொருவராக வந்து அடி வாங்குகிறார்களே என்று கேட்காதீர்கள். சண்டையிலும் குணம் பேசுகிறது, அதைப் பாருங்கள். எம்.ஜி.ஆர். முதல் அடியை வாங்கிக்கொண்டு, உதட்டைத் துடைத்துவிட்டுச் சிரிப்பார். இந்தச் சண்டை அவருக்கு விளையாட்டு என்பதை அந்தச் சிரிப்பு சொல்லிவிடும். வாள், சிலம்பம் இரண்டும் கற்ற உடம்பு என்பதால் கேமரா தள்ளி நின்றே பிடிக்கும். மதுரையிலிருந்து போன விஜயகாந்த் சுவரில் ஒரு காலை வைத்து, உடம்பைச் சுழற்றி மற்ற காலால் உதைப்பார். அந்த உதையை வைத்தே அவரைச் சின்னப் பிள்ளைகளும் நடித்துக் காட்டினார்கள். அவருடைய நூறாவது படமான 'கேப்டன் பிரபாகரன்' 1991-ல் வந்த பிறகு 'கேப்டன்' என்ற பட்டம் கடைசி வரை அவரோடு இருந்தது.

இன்றைய சண்டைக்கு ஒரு சின்ன சோதனை சொல்கிறேன். ஓங்கிய கையும் விழுந்த அடியும் ஒரே ஷாட்டில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ஒத்திகை பார்த்து எடுத்திருக்கிறார்கள். ஓங்குவது ஒரு ஷாட், பறப்பது ஒரு ஷாட், தரையில் விழுவது ஒரு ஷாட் என்று துண்டு துண்டாக வந்தால் எடிட்டிங் மேசையில்தான் சண்டை நடந்திருக்கிறது. பறக்கிறவர் கயிற்றில்தான் பறக்கிறார், கயிற்றைப் பிறகு கம்ப்யூட்டரில் அழித்துவிடுவார்கள். ஆனால் விழுகிறவர் நிஜமாகவே விழுகிறார். அடி வாங்குகிறவர் சரியாக விழாவிட்டால் அடித்தவருக்குப் பெருமை இல்லை. சண்டைப் பயிற்சிக்கு என்று தேசிய விருது முதன்முதலாக 2017-ல்தான் கொடுத்தார்கள், அதை வாங்கியவர் பீட்டர் ஹெய்ன். இவ்வளவு காலம் ஆனது வருத்தம்தான். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது சண்டைக் கலைஞர்களின் பெயர் வரும் வரையாவது உட்கார்ந்திருங்கள்.

8. பஞ்ச் வசனமும் ஊர் அரசியலும்

நாயகன் வில்லனைப் பார்த்துப் பேசத் தொடங்கி, பாதியில் கேமராவைப் பார்த்துப் பேசினால் அந்த வசனம் நமக்கானது. கதைக்கு ஒரு அர்த்தமும் வெளியே ஒரு அர்த்தமும் இருக்கும். புதிதாக வந்தவர்கள் விட்டுவிடுவது இந்த இரண்டாவதைத்தான். மதுரையில் அதை விட்டால் பாதிப் படம் போச்சு.

1958-ல் 'நாடோடி மன்ன'னின் வெற்றி விழா இங்கேதான் நடந்தது, எம்.ஜி.ஆருக்குத் தங்க வாள் கொடுத்தார்கள். 1980-ல் அவர் சட்டமன்றத்துக்குப் போனது மதுரை மேற்குத் தொகுதியிலிருந்து. 2005 செப்டம்பரில் விஜயகாந்த் கட்சி தொடங்கியதும், 2018 பிப்ரவரியில் கமல் கட்சி தொடங்கியதும் மதுரையில். 2025 ஆகஸ்டில் விஜய் தன் கட்சியின் இரண்டாவது மாநில மாநாட்டை நடத்தியதும் மதுரைக்குப் பக்கத்தில் பாரபத்தியில். இந்த ஊரில் ஒரு நடிகர் திரையில் 'நான் வருவேன்' என்று சொன்னால், எங்கே வருவார் என்று கூட்டம் யோசிக்கத்தான் செய்யும். எல்லாரும் அப்படி இல்லை. அஜித் 2011-ல் தன் மன்றங்களையே கலைத்துவிட்டார், அதற்குப் பிறகும் கூட்டம் குறையவில்லை.

9. திரையில் வருகிற மதுரை

ட்ரோனில் கோபுரம், அடுத்து அரிவாள், அடுத்து வரிசையாக வெள்ளை சுமோ. மதுரையைத் தெரியாதவர்கள் இதைப் பார்த்துவிட்டு இங்கே இறங்கப் பயப்படுகிறார்கள். தயவுசெய்து இதை ஊரின் முகவரியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இது சட்டகத்தின் தேவை. சென்னையில் இருக்கிற நாயகனுக்கு, போலீசும் தொட முடியாத ஒரு வில்லன் வேண்டும்; அவனுக்கு ஒரு ஊர் வேண்டும். 'கில்லி'யைப் பாருங்கள். அது 'ஒக்கடு' என்ற தெலுங்குப் படத்தின் மறுஆக்கம். மூலத்தில் வில்லன் கர்னூல்காரன், தமிழில் மதுரைக்காரன் ஆனான். ஹைதராபாத்தின் சார்மினார் இருந்த இடத்துக்குச் சென்னைக் கலங்கரை விளக்கம் வந்தது. கர்னூல் கோட்டை முன்னால் நடந்த மோதல் மீனாட்சியம்மன் கோயில் பக்கம் வந்தது. ஆளை மாற்றி ஊரை மாற்றினாலும் சட்டகம் நிற்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அப்படியிருந்தும், கபடி ஆட வந்த பையன் வில்லன் முத்துப்பாண்டியை அடிக்கிற அந்தக் காட்சிக்கு முதலில் விசிலடித்தவர்கள் மதுரைக்காரர்கள்தான்.

எனக்கு வருத்தம் அரிவாளில் இல்லை. ஏதோ ஒரு சாதியின் பெருமையை ஊரின் வீரமாகக் காட்டிவிட்டுப் போகிற படங்களில்தான். மீசை, பட்டப் பெயர், சிலை, கொடி நிறம் என்று ஜாடையாக வைப்பார்கள். வெளியூர்க்காரருக்கு அது வெறும் அலங்காரமாகத் தெரியும், ஆனால் இங்கே பள்ளிக்கூடப் பையன்களுக்கு அது தெளிவாகப் புரிகிறது. அந்த ஜாடையைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், அதற்கு விசிலடிக்காதீர்கள்.

ஊரை ஊராகவே பார்க்க வேண்டும் என்றால், ரெண்டு மூன்று மாஸ் படம் பார்த்த பிறகு சசிகுமாரின் 'சுப்ரமணியபுரம்' (2008) பாருங்கள். 1980-களின் மதுரை. அதில் என்ட்ரி கிடையாது, அடி வாங்கினால் வலிக்கும். அப்புறம் மதுரைக்காரரான கார்த்திக் சுப்பராஜின் 'ஜிகர்தண்டா' (2014). ரவுடிப் படம் எடுப்பதற்காக, இயக்குநராகத் துடிக்கிற ஒரு இளைஞன் மதுரைக்கு ரவுடியைத் தேடி வருகிற கதை. சட்டகம் தெரிந்த பிறகு பார்த்தால் அதன் ருசியே தனி.

10. வெளியே வந்த பிறகு

உடனே கருத்து சொல்லாதீர்கள். வாசலில் மைக் நீட்டினாலும் கடந்து போங்கள். மதுரையில் படம் பார்த்துவிட்டு நேராக வீட்டுக்குப் போகிற வழக்கமில்லை. மதியக் காட்சி என்றால் ஜிகர்தண்டாக் கடை, ராத்திரிக் காட்சி என்றால் இட்லிக் கடை. தட்டு வருவதற்குள் பக்கத்து மேசையில் தீர்ப்பு ஓடிக்கொண்டிருக்கும். 'ஒரு தடவ பாக்கலாம்' என்றால் சுமார். 'தலைவருக்காகப் பாக்கலாம்' என்றால் படம் ஊத்திக்கொண்டது. 'பயபுள்ள மிரட்டிட்டான்ப்பா' என்றால் வில்லன் நன்றாக அமைந்திருக்கிறான், படம் ஓடும். யாரும் எதுவும் சொல்லாமல் அடுத்த காட்சிக்கு டிக்கெட் இருக்கிறதா என்று போனை நோண்டினால், அது வெற்றி.

பிடித்திருந்தால் இன்னொரு முறை போங்கள். ரெண்டாவது வாரம், நாள் பார்த்து ஒரு செவ்வாய்க்கிழமை மதியக் காட்சி. பாதி அரங்கு காலியாக இருக்கும். முதல் நாள் கூச்சலில் கேட்காமல் போன வசனம் கேட்கும். நாயகனைச் சுற்றி நிற்கிறவர்கள் எப்படி நடிக்கிறார்கள் என்பது தெரியும். அடிக்கு முன்னால் இசை எங்கே நிற்கிறது, எங்கே மறுபடி வருகிறது என்பதும் தெரியும். புதுப் படம் எதுவும் இல்லாத மாதமாக இருந்தால் மறுவெளியீடு இருக்கிறதா என்று தேடுங்கள். 2024 ஏப்ரலில் 'கில்லி' இருபது வருஷம் கழித்துத் திரும்ப வந்தபோது, அது முதலில் வெளியானபோது பிறந்தே இராத பிள்ளைகள் வசனத்தை நடிகருக்கு முன்னால் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த மாதிரிக் காட்சிக்கு டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முந்திக்கொள்ளுங்கள்.